மூன்றடி உயரத்திலிருந்து இறங்கும் வழி

ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் எங்கள் வீடு தெருவைவிட மூன்றடி உயரத்தில் இருக்கிறது. முதலில் அப்படி இல்லை. மனை வாங்கிய கையோடு அவசரமாகக் கட்டிக் குடிபோன வீட்டுக்குள், இரண்டாவது மழைக்காலத்திலேயே முழங்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. நானும் மனைவியும் மகளும் இரண்டு நாள் கட்டில்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றோம். பல வருடம் கழித்து அந்த வீட்டை இடித்து மறுபடி கட்டியபோது, அஸ்திவாரத்தை மூன்றடி தூக்கச் சொன்னேன். இது என்ன வீடா, கோட்டையா என்று தெருவில் சிரித்தார்கள். அடுத்த மழையில் சிரித்தவர்கள் வீட்டு மிக்ஸியும் கிரைண்டரும் எங்கள் ஹாலில் வந்து ஒதுங்கின. வேலை முடிந்து வந்து அந்த ஐந்து படிகளை ஏறும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்ன கர்வம் இருக்கும்.

என் பிழைப்பே திட்டம் போடுவதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பிளானிங் செக்ஷனில் இருக்கிறேன். எந்த மெஷினில் எந்த வேலை எப்போது ஏற வேண்டும், எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று தாளில் போட்டுக் கொடுப்பது என் வேலை. இருபத்தைந்து வருடம் அதைச் செய்தவனுக்கு, வீட்டில் ஆணி அடிக்கக்கூடப் பென்சிலால் புள்ளி வைக்காமல் முடியாது.

அப்படிப்பட்ட நான் யோசிக்காமல் ஒரு காரியம் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், பூந்தமல்லியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு நானும் மனைவியும் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் ஒரே நெரிசல். வெயில் தாங்காமல் சட்டென்று பக்கத்துச் சாலையில் திருப்பினேன். அந்தத் திருப்பத்தில் ஏதோ லாரி மணலைச் சிந்திவிட்டுப் போயிருந்தது. வண்டி வழுக்கியது. எனக்கு உள்ளங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பின்னால் உட்கார்ந்திருந்தவள் முதுகு ரோட்டோரக் கல்லில் மோதியது.

இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கொஞ்சம் திரும்பியது, பலம் திரும்பவில்லை. டாக்டர்கள் "பார்ப்போம்" என்ற வார்த்தையைப் பல விதமாகச் சொன்னார்கள். அவள் மட்டும் தெளிவாகப் பேசினாள். "ஊட்டுக்குப் போனதும் மொத வேலையா, பின்னாடி கல்லுல என் துணிய நானே தொவைக்கப் போறேன், பாருங்க."

எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் உண்டு. ஆனால் மெஷினில் காலர் அழுக்குப் போகாது என்பது அவளுடைய தீர்மானம். சமையலறைக்குப் பின்னால், கொல்லையில், ஒரு சிமெண்ட் தொட்டியும் இடுப்பு உயரத்தில் ஒரு துவைக்கிற கல்லும் இருந்தன. புது வீட்டில் அவள் கேட்டு வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான். காலையில் எட்டு மணிக்கு அங்கே நின்றபடி பக்கத்து வீட்டுக்காரம்மாவோடு மதில் வழியாகப் பேசிக்கொண்டே துவைப்பாள். அதனால் அவள் ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னபோது, நான் ஒரு உத்தரவாதத்தைப் பிடித்துக்கொள்வதுபோல அதைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, ஐந்து படிகளுக்கு முன்னால் சக்கர நாற்காலி நின்றது. நானும் அவளுடைய தம்பியான என் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். தெருவில் நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். தூக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பயமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். உள்ளே போய் நாற்காலியை இறக்கி வைத்தபிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் வெளியே போவது என்றால் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். அதற்கும் இரண்டு ஆண்கள் வேண்டும். மச்சானுக்கு மண்ணூர்பேட்டையில் கிரில், கேட் செய்யும் ஒரு சின்ன வெல்டிங் பட்டறை. அவன் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும். அவன் வர முடியாத நாளில் எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும். நான் வேலைக்கும் மகள் கல்லூரிக்கும் போய்விட்டால், அவள் ஹால் ஜன்னல் அருகே நாற்காலியில் இருந்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரம்மா மதியம் வந்து சாப்பாடு எடுத்து வைப்பார்.

ஒரு சரிவுப் பாதை கட்டினால் போதும், அவளே இறங்கிப் போவாள் என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பெண் முதல் வாரமே சொன்னார். "ஆனா சார், சரிவு ரொம்ப நிதானமா இருக்கணும். ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம் கணக்கு வெச்சுக்கங்க. அப்பதான் அவங்களே தள்ளிக்கிட்டு ஏற முடியும்."

மூன்றடி உயரத்துக்கு முப்பத்தாறு அடி. எங்கள் முன்வாசலிலிருந்து கேட் வரைக்கும் ஒன்பது அடிதான்.

அன்று மாலையே கிராஃப் நோட்டும் ஸ்கேலும் எடுத்து உட்கார்ந்தேன். நேராகப் போனால் கேட்டைத் தாண்டி எதிர்வீட்டு வாசல் வரும். மடித்து மடித்துப் போட்டால் திரும்புவதற்கு இடம் போதவில்லை. மின்சாரத்தில் ஏறி இறங்கும் மேடை ஒன்றைப் பற்றி விசாரித்தேன். மழையில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று அதை விட்டேன். படியை இடித்துவிட்டு ஹாலிலிருந்தே சரிவைத் தொடங்கலாமா என்று ஒரு படம். தெரு நிலத்தில் இரண்டடி எடுத்துக்கொள்ள அனுமதி கிடைக்குமா என்று ஒரு படம். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் சிவப்பு மையில் காரணம் எழுதிக் கைவிடுவேன். கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில்கூட அதையே போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள், மனைவிமேல் எவ்வளவு அக்கறை என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஏழு மாதம் போனது. பதினான்கு படங்கள் சேர்ந்தன. ஒரு செங்கல்கூட வாசலில் இறங்கவில்லை.

இடையில் அவள் ஒரு முறைதான் கேட்டாள். "எதுக்குங்க இவ்ளோ யோசனை?"

"ஒரு தடவ யோசிக்காம திருப்பினது போதாதா?" என்றேன்.  அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மச்சான் என்னைப்போல் இல்லை. அவனுக்குப் பென்சில் என்றால் காதில் செருகிக்கொள்ள ஒரு பொருள். ஒரு கேட் செய்ய வேண்டும் என்றால் வாசலைக் கையால் சாண் போட்டுப் பார்த்துவிட்டுப் பைப்பை அறுக்கத் தொடங்கிவிடுவான். பாதி கேட்டுகள் சரியாக வரும். மீதியை மாட்டும்போது தட்டிச் சரி செய்வான். அவன் வந்த ஒரு சனிக்கிழமை, நான் பதினான்காவது படத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா மாமா, இன்னும் படமே போட்டுகினு கீறியா?" என்றான். "அக்கா ஜன்னலாண்டயே குந்திகினு கீது. நீ இன்னாடான்னா ஸ்கேல வெச்சிகினு..."

"இடம் பத்தலடா. அவசரப்பட்டா அவதான் விழுவா."

"எதுனா ஒண்ண போடு மாமா. போட்டாத்தான தெரியும், எங்க இடிக்குது, எங்க ஒதைக்குதுன்னு. இப்ப ஒண்ணுமே இல்லாம எதப் பாக்குறது?"

நான் படத்தைக் காட்டி விளக்கத் தொடங்கினேன். அவன் பாதியிலேயே அக்காவிடம் போய் டீ கேட்டான்.

மறுநாள் நான் ஒரு உறவினர் வீட்டுக் காரியத்துக்காக ஆவடி வரை போயிருந்தேன். திரும்பி வரும்போது மணி பன்னிரண்டு. தெருவில் மச்சானின் 'குட்டி யானை' சுமை வண்டி நின்றது. எங்கள் முன்வாசலில் ஐந்து படிகளையும் மூடியபடி ஒரு இரும்புச் சரிவு, வாசலிலிருந்து கேட் வரை ஒன்பது அடிக்குச் சாய்ந்து கிடந்தது. வெல்டிங் சூடு இன்னும் ஆறவில்லை.  அது சரிவே இல்லை. சறுக்கு மரம்.

அவள் நாற்காலியில் வாசலுக்கு வந்துவிட்டாள். தலை வாரிப் பொட்டு வைத்திருந்தாள். மகள் அம்மாவின் தோளில் கை வைத்து நின்றாள்.

"டேய், வேணாம்" என்று கேட்டுக்கு வெளியே நின்று கத்தினேன்.

"மாமா, நா பின்னாடி புட்ச்சிகினு தான் வரேன். கேட்ட மட்டும் தொற. பயப்படாத."

கேட்டைத் திறப்பதா, ஓடிப்போய்த் தடுப்பதா என்று நான் யோசிப்பதற்குள் அவர்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். முதல் மூன்றடி சரியாக வந்தது. அதற்குள் மச்சானின் ரப்பர் செருப்பு தகட்டில் வழுக்கியது. அவன் உட்கார்ந்த வாக்கில் விழுந்தான். கை நழுவியது. நாற்காலி அவளோடு மடமடவென்று இறங்கி வந்து, மூடியிருந்த கேட்டில் மோதி நின்றது. அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது.

கேட்டின் அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவள். இடையில் கம்பிகள். அவள் முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. கால் வைக்கும் தட்டு வளைந்திருந்தது. வேறு எதுவும் ஆகவில்லை என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த நொடியில் எனக்கு மணல் சிந்திய அந்தத் திருப்பம் மட்டும்தான் தெரிந்தது.

நான் மச்சானை என்னவெல்லாம் பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. அவன் சரிவின் நடுவில் உட்கார்ந்தபடியே, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நாற்பது வயது ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்" என்றாள் அவள்.   கேட்டின் கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தாள். அதை விடவில்லை. "ஏழு மாசத்துல இன்னிக்குத்தான் யாரும் தூக்காம கேட்டு வரைக்கும் வந்திருக்கேன். கொஞ்ச நேரம் இங்கயே இருக்கேன். யாரும் என்னை உள்ள தூக்கிட்டுப் போகாதீங்க."

மகள் பஞ்சும் மருந்தும் எடுத்து வந்து அங்கேயே கட்டுப் போட்டாள். என் மனைவி கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துத் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். ஜன்னலிலிருந்து தெருவின் ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும். இன்னொரு பக்கத்தில் ஒரு வீட்டுக்கு மாடி எழும்பியிருந்தது. "இது எப்போ கட்டினாங்க?" என்று கேட்டாள். தினமும் அந்த வழியாகத்தான் நான் வேலைக்குப் போகிறேன். எனக்கும் தெரியவில்லை.

மதியம் அவள் சரி என்றபிறகுதான் உள்ளே தூக்கிப் போனோம். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். மச்சான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்னிடம், "அந்தப் படத்தையெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

ஏழு மாதத்தில் அவள் அதைப் பார்க்கக் கேட்டதும் இல்லை, நான் காட்டியதும் இல்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்காகப் போட்ட படங்களை மச்சானிடம் காட்டியிருக்கிறேன், கம்பெனியில் டிசைன் பார்க்கும் ஒருவரிடம் காட்டியிருக்கிறேன், கொத்தனாரிடம் காட்டியிருக்கிறேன். அவளிடம் காட்டவில்லை.

மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஏழாவது தாளில் நிறுத்தினாள். அதில் சரிவு முன்வாசலில் இல்லை. சமையலறையின் பின்கதவிலிருந்து தொடங்கி, கொல்லையில் திரும்பி, வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் உள்ள நாலடிச் சந்து வழியாக முன்பக்கம் வந்து சேர்ந்தது. சந்தின் நீளம் முப்பத்தாறு அடி. ஓரத்தில் சிவப்பு மையில், "தொட்டி, துவைக்கிற கல் — முடியாது" என்று எழுதியிருந்தேன்.

"இது ஏன் முடியாது?"

"கொல்லைல திரும்பறதுக்கு அஞ்சடி வேணும். அங்கதான் கல்லு இருக்கு."

"கல்ல எடுத்தா?"

நான் தாளை வாங்கக் கையை நீட்டினேன்.

"சொல்லுங்க. கல்ல எடுத்தா எடம் வருமா, வராதா?"

"வரும்."

"அப்பறம் ஏன் எடுக்கல?"

"நீதானே சொன்னே" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "எழுந்து நின்னு அங்க துவைப்பேன்னு."

 "அது ஆஸ்பத்திரில சொன்னதுங்க. நீங்க என் கட்டில் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து சோறு எறங்காம இருந்தீங்க. பாக்க முடியல. உங்களுக்காகச் சொன்னேன்."

மகள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். மச்சான் தலையைத் தூக்கவே இல்லை.

நான் ஏழு மாதம் எதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன் என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது. இடம் ஏழாவது தாளிலேயே கிடைத்துவிட்டது. அந்தக் கல்லை உடைப்பது என்றால், இனி நீ எழுந்து நிற்கப்போவதில்லை என்று அவள் முகத்துக்கு நேராகச் சொல்வது. அதைச் சொல்லப் பயந்துதான் எட்டு, ஒன்பது, பத்து என்று மீதிப் படங்களைப் போட்டேன். அவளோ அதை எனக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டு, எப்போது நான் கேட்பேன் என்று ஜன்னல் அருகே காத்திருந்திருக்கிறாள்.

"ஒடைங்க" என்றாள். "இன்னிக்கே ஒடைங்க. ஆனா கல்ல மட்டும். மத்தது எதையும் எங்கிட்ட கேக்காம அறுக்கவும் வேணாம், ஒட்டவும் வேணாம். டேய், உன்னத்தான் சொல்றேன். நீங்களும் இனிமே எங்கிட்ட காட்டாம ஒரு கோடுகூடப் போடாதீங்க."

"சரி அக்கா" என்றான் அவன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டிக்குப் போய்ச் சம்மட்டியை எடுத்து வந்தான்.

முதல் அடி அவன் அடிப்பான் என்று நினைத்தேன். என்னிடம் நீட்டினான். "நீ அடி மாமா." நான் சம்மட்டி பிடித்துப் பல வருடமாகிறது. சமையலறைக் கதவருகே அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது அடியில் கல் விரிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஐயோ, ஏங்க?" என்றார். "வழி போடறோம்க்கா" என்றாள் இவள். அதைச் சொன்னபிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டு, "தொட்டியையும் சேத்து இடிங்க, அது மட்டும் எதுக்கு?" என்றாள்.

அதன்பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முன்வாசல் இரும்புச் சரிவைக் கழற்றி அதன் சட்டங்களையே பயன்படுத்தினோம். எதையும் வெல்டு வைத்து ஒட்டுவதற்கு முன், செங்கல்லை அடுக்கி மேலே பலகை போட்டு அவளை ஏறி இறங்கிப் பார்க்கச் சொன்னோம். அது மகளின் யோசனை. நான் நீளத்தையும் உயரத்தையும் கணக்குப் போட்டு ஒவ்வொரு செங்கல் அடுக்குக்கும் சாக்பீஸால் எண் எழுதினேன். மச்சான் பத்து நிமிடத்தில் அடுக்கிவிடுவான். அவள் சொல்லச் சொல்ல மாற்றுவான்.

என் கணக்கில் முதல் ஓட்டை அங்கேயே வெளிப்பட்டது. நாற்காலியின் அகலம் இருபத்தாறு அங்குலம், கூட இரண்டு பக்கமும் விளிம்பு என்று அளந்து வைத்திருந்தேன். சக்கரத்தைத் தள்ளும்போது அவளுடைய முழங்கைகள் வெளியே விரியும் என்பது எந்தப் படத்திலும் இல்லை. கட்டுப் போட்டிருந்த அதே முழங்கை, வீட்டுச் சுவர்ப் பக்கம் கைப்பிடிக்காகக் கட்டி வைத்திருந்த கம்பியில் உரசியது. "இந்தப் பக்கக் கைப்பிடிக் கம்பி வேணாம். மதில் பக்கம் மட்டும் போதும்" என்றாள். ஒரு கம்பியை எடுத்ததும் இடம் சரியாக வந்தது.

இரண்டாவது ஞாயிறு அவள் பாதி ஏறும்போது நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. "கை எரியுது. நடுவுல ஒரு எடத்துல சமமா இருந்தா நின்னுட்டுப் போவேன்." நடுவில் நாலடி சமதளம் கொடுத்தால் சரிவுக்கு நாலடி குறையும். குறைந்தால் மீதி செங்குத்தாகும். நான் நோட்டை எடுத்தேன். பழைய பழக்கத்தில் அதைத் தூக்கிக்கொண்டு தனியே போகப் பார்த்தேன். "இங்கயே உக்காந்து போடுங்க" என்றாள். சந்தின் ஈரத் தரையில் உட்கார்ந்து அவள் பார்க்கப் பார்க்கப் போட்டேன். சந்தோடு நிறுத்தாமல், முன்பக்கம் மதிலை ஒட்டி இன்னும் ஐந்தடி நீட்டினால் கணக்கு நேராகும். மச்சான் எட்டிப் பார்த்து, "அட, இத்தினி தானா? குடு மாமா" என்று செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போனான்.

அவனுடைய ஓட்டை மூன்றாவது ஞாயிறு தெரிந்தது. தகடுகளை ஒட்டிய ஒரு இடத்தில் அரை அங்குலம் தூக்கி நின்றது. "இன்னாத்துக்கு மாமா, இத்தெல்லாம் ஒரு மேட்டரா?" என்றான். முன்சக்கரம் அதில் தட்டி, நாற்காலி நின்றே போனது. ஒன்றும் பேசாமல் அறுத்துவிட்டு மறுபடி ஒட்டினான். அன்று முதன்முறையாக என் ஸ்கேலைக் கேட்டு வாங்கி, தகட்டின்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அவன் கற்றுக்கொடுத்தது இருந்தது. சமையலறைக் கதவின் நிலை ஒரு அங்குலம் இடித்தபோது, தச்சரைக் கேட்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், உளியை எடுத்து நானே செதுக்கினேன். அசிங்கமாகத்தான் வந்தது. நாற்காலி நுழைந்தது.

தகட்டுக்கு வழுக்காத பெயிண்ட் அடித்து இரண்டு நாள் காயவிட்டோம். புதன்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்ததும், அவள் தயாராக இருந்தாள். மச்சானுக்குச் சொல்லி அனுப்பலாமா என்றேன். "அவன் வந்தா பின்னாடி புடிப்பான். நீங்களும் முன்னாடி நிக்காதீங்க. பக்கத்துல வாங்க, போதும்."

சந்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் நடக்க இடம் கிடையாது. அதனால் பின்னால்தான் நடந்தேன், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. சமதளத்தில் நின்றாள். மூச்சை இழுத்து விட்டாள். மறுபடி தள்ளினாள். முன்பக்கம் வந்ததும் கேட்டின் தாழ்ப்பாளைத் தானே எடுத்தாள். தெருவில் இறங்கினாள்.

நானும் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"பின்னாடி வராதீங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

நின்றுவிட்டேன். தெரு மேடும் பள்ளமுமாக இருந்தது. குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடத்தில் மண் குவிந்து கிடந்தது. அதைச் சுற்றிப் போனாள். ஒரு இரண்டு சக்கர வண்டி எதிரில் வந்து ஒதுங்கி நின்றது. புதிதாக மாடி எழும்பிய வீட்டின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு முனையில் திரும்பி மறைந்தாள். அவள் எந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்வாள், யாரைக் கூப்பிடுவாள், போனை எடுத்துக்கொண்டாளா என்றெல்லாம் என் மனசு வரிசை போடத் தொடங்கியது. இருபது நிமிடம் கேட்டைப் பிடித்தபடி நின்றேன். திரும்பி வந்தபோது அவள் மடியில் ஒரு கட்டு முளைக்கீரை இருந்தது. சக்கரமெல்லாம் சேறு. "ஒரு எடத்துல மாட்டிக்கிச்சு. ஒரு பொண்ணு வந்து தள்ளிவிட்டுச்சு" என்றாள். "கீரக்காரம்மா, 'நீ ஊருக்குப் போயிட்டியோன்னு நெனச்சேன்'னாங்க."

ஏறும்போது பாதியில் கை சோர்ந்தது. அப்போது மட்டும், "கொஞ்சம் தள்ளுங்க" என்றாள். தள்ளினேன்.

அடுத்த வாரம் ஒரு நாள், முதல் ஷிப்டு முடிந்து நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். முன்கதவு பூட்டியிருந்தது. பின்கதவும் பூட்டியிருந்தது. நான் வேலை முடிந்து வரும் நேரத்தில் ஒருவரும் இல்லாமல் அந்த வீடு பூட்டிக் கிடந்து எட்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாவி என்னிடம் இல்லை. அதை வேலைக்கு எடுத்துப் போக வேண்டிய தேவையே இத்தனை நாள் எனக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா மதில் வழியாக, "பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் போலாம்னு பொண்ணோட ஆட்டோல கெளம்பிடுச்சுங்க. சாவியக் குடுக்க மறந்துடுச்சு போல" என்றார். "உள்ள வாங்க, காப்பி போடறேன்."

வேண்டாம் என்றேன். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, என் வீட்டு வாசலில் வெயில் தாழும் வரை உட்கார்ந்திருந்தேன்.